லேப்டாப்பை எந்நேரமும் சார்ஜரில் போட்டே வைத்திருந்தால் பேட்டரி கெட்டுவிடுமா?

சார்ஜரில் போட்டு வைக்கலாம், ஆனால் 100 சதவீதத்தில் வைக்காதீர்கள். ஒரு பேட்டரியைப் பறிகொடுத்த பிறகுதான் எனக்கே இது தெரிந்தது.

மூன்று வருடம் என் லேப்டாப் மேசையை விட்டு நகரவில்லை, சார்ஜரையும் கழற்றியதில்லை. ஒருநாள் டச்பேடை அழுத்தினால் கிளிக் ஆகவில்லை, தூசி ஏதாவது போயிருக்கும் என்று விட்டுவிட்டேன். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் மூடியும் சரியாகப் படியவில்லை. அடிப்பக்கத்தைக் கழற்றினேன், தட்டையாக இருக்க வேண்டிய பேட்டரி தலையணை மாதிரி உப்பி, டச்பேடைக் கீழிருந்து தூக்கிக்கொண்டிருந்தது. உங்கள் லேப்டாப்பில் இப்படித் தெரிந்தால் உடனே சார்ஜரை எடுத்துவிட்டு அணைத்துவிடுங்கள், உப்பலை அமுக்கவோ குத்தவோ கூடாது, தீப்பிடிக்கும்.

ஓவர்சார்ஜ் ஆகித்தான் இப்படி ஆகும் என்று பலர் சொல்வார்கள். பொதுவாக அது காரணமில்லை, நிறைந்ததும் சார்ஜ் ஏறுவதை உள்ளே இருக்கும் சர்க்யூட்டே நிறுத்திவிடும். இன்றைய லேப்டாப் பேட்டரிக்குள் இருக்கும் லித்தியம் அயான் செல் நிறைந்திருக்கும்போது அதன் வோல்டேஜ் சுமார் 4.2 வரை போய் நிற்கும், அந்த நிலையிலேயே மாதக்கணக்கில் கிடந்தால் உள்ளே இருக்கும் எலெக்ட்ரோலைட் என்ற வேதிக் கரைசல் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைந்து வாயு உண்டாகும், கூடவே சூடும் சேர்ந்துவிட்டால் இதெல்லாம் இன்னும் வேகமாக நடக்கும்.

அதனால் 80 சதவீதத்தில் நிறுத்தும் வசதி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். லேப்டாப்போடு வரும் நிறுவனத்தின் செயலியிலோ, விண்டோஸ் தொடங்கும் முன்பே திறக்கும் பயாஸ் அமைப்புப் பக்கத்திலோ இருக்கும், லெனோவோவில் கன்சர்வேஷன் மோட் என்று பெயர். அது இல்லாத லேப்டாப் என்றால் 80 வந்ததும் கழற்றிவிட்டு, 30 பக்கம் இறங்கியதும் மறுபடி போடுங்கள். மாதம் ஒருமுறை பூஜ்யம் வரை இறக்க வேண்டும் என்பது பழைய நிக்கல் காட்மியம் பேட்டரிக் காலத்துப் பழக்கம், இதற்குத் தேவையில்லை.

உங்கள் பேட்டரி இப்போது எப்படி இருக்கிறது என்று விண்டோஸே சொல்லும். கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் கமாண்ட் ப்ராம்ப்ட் என்ற ஜன்னலைத் திறந்து, அதில் பவர்சிஎஃப்ஜி, ஒரு இடைவெளி, சாய்கோடு, பேட்டரிரிப்போர்ட் என்று ஆங்கிலத்தில் அடித்தால் ஒரு அறிக்கை வரும். அதில் டிசைன் கெப்பாசிட்டி, ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி என்று இரண்டு எண்கள் இருக்கும், முதலாவது வாங்கும்போது இருந்த கொள்ளளவு, இரண்டாவது இன்று மிச்சமிருப்பது.

சார்ஜ் சீக்கிரம் தீர்வதுதான் பிரச்சினை என்றால் முதலில் திரை வெளிச்சத்தைக் குறையுங்கள், பெரும்பாலும் அதிலேயே நல்ல வித்தியாசம் தெரியும், அப்புறம் பவர் மோடைச் சிக்கனத்துக்கு மாற்றுங்கள். மெத்தை மேல் வைத்து வேலை செய்யாதீர்கள், காற்று போகும் வழி அடைபட்டுவிடும். பையில் வைக்கும்போது ஸ்லீப்பில் விடாமல் ஹைபர்னேட் செய்யுங்கள், அதாவது திறந்திருக்கும் வேலையைச் சேமித்துவிட்டு முழுவதும் அணையும்படி விடுங்கள். சில லேப்டாப்கள் ஸ்லீப்பில் பைக்குள்ளேயே விழித்துக்கொண்டு சுடச்சுட ஓடிக்கொண்டிருக்கும், வெளியே எடுக்கும்போது கை வைக்க முடியாது.

புது பேட்டரியை 80இல்தான் வைத்திருக்கிறேன், வெளியூர் போகும் முந்தைய இரவு மட்டும் 100 வரை ஏற்றிக்கொள்வேன்.