வாசகர் கேள்வி பதில்: இடிந்த தூண்களைப் பார்க்க இவ்வளவு தூரமா?

கேள்வி: ஆசிரியர் ஐயா அவர்களுக்கு வணக்கம். எங்கள் கோயில் மாதர் குழுவினர் பதினான்கு பேர், இத்தாலி, கிரீஸ் நாடுகளின் பழைய நகரங்களைப் பத்து நாளில் சுற்றிப் பார்க்கும் குழுப் பயணத்துக்குப் பெயர் கொடுக்க இருக்கிறோம். எங்களில் பாதிப் பேர் பால்மரம் சீவி முழங்கால் தேய்ந்தவர்கள். இடிந்த தூண்களைப் பார்க்கவா இவ்வளவு வெள்ளி என்று என் மகன் கேட்கிறான். அட்டவணையில் எதைக் கவனிக்க வேண்டும்?
(வாசகி, சுங்கை சிப்புட்)

பதில்: அம்மா, எத்தனை ஊர் என்று எண்ணாதீர்கள். ஒவ்வோர் இடத்துக்கும் எதிரே 'நுழைவுச்சீட்டு உட்பட' என்று போட்டிருக்கிறதா, 'வெளியில் நின்று படம் எடுத்தல்' என்று போட்டிருக்கிறதா என்பதைப் பாருங்கள். சில ஆண்டுகளுக்கு முன் நான் சேர்ந்து போன குழுவை, ரோமில் கி.பி. 80இல் திறக்கப்பட்ட கொலோசியம் என்ற பழைய அரங்கத்தின் வாசலில் இருபது நிமிடம் நிறுத்திவிட்டு, அதைவிட மும்மடங்கு நேரம் தோல்பைக் கடையில் உட்கார வைத்தார்கள். அட்டவணையைச் சரியாகப் படிக்காதது என் தவறுதான்.

பொம்பெயிக்கு மட்டும் அரை நாளாவது கேட்டு வாங்குங்கள். கி.பி. 79இல் வெசுவியஸ் எரிமலையின் சாம்பலில் புதைந்த அந்நகரத்தின் தெருக்கள் நடைபாதையைவிடத் தாழ்வானவை; மக்கள் கால் நனையாமல் கடக்கப் பெரிய கற்களைக் குறுக்கே பதித்து, வண்டிச் சக்கரம் புக இடைவெளியும் விட்டிருக்கிறார்கள். சக்கரங்கள் தேய்த்த பள்ளம் இன்றும் கல்லில் இருக்கிறது, விரலை வைத்துப் பார்க்கலாம். மழை நாளில் லயத்து வாசல் சேற்றில் பலகை போட்டுக் கடந்த நமக்கு அந்தக் கல்லின் அருமையை எந்த வழிகாட்டியும் விளக்க வேண்டியதில்லை.

மகனுக்கான பதில் ரோமில் இருக்கிறது. பேரரசர் தொமிசியன் கட்டிய மிளகுக் கிடங்கின் எச்சங்கள், பழைய பொதுமன்றத்தை ஒட்டி, பிற்காலத்தில் அதன் மேல் எழுந்த மாக்சென்சியஸ் மண்டபத்துக்கு அடியில் கிடக்கின்றன. யவனர் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பினர் என்று சங்கப் பாடல் சொல்லும் முசிறித் துறையின் சரக்கு போய் இறங்கிய ஊர் அது. அதே திசையில் போன இன்னொரு பொருள், பொம்பெயியில் 1938இல் கிடைத்த இந்தியத் தந்தச் சிலை, ஏறக்குறைய ஒரு சாண் உயரம். நேப்பிள்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. லட்சுமி என்று பெயரிட்டார்கள், யட்சியாக இருக்கலாம் என்பாரும் உண்டு. பெரும்பாலான குழுக்கள் அந்த அருங்காட்சியகத்தைத் தாண்டிப் போய்விடுகின்றன, முன்கூட்டியே வற்புறுத்துங்கள்.

ஏதென்ஸ் நகரின் பழைய கோயில்கள் நிற்கும் குன்றான அக்ரோபோலிஸில் பளிங்குத் தரை மனிதக் கால்களால் மெருகேறி வழுக்கும். அடியில் நல்ல ரப்பர் உள்ள காலணி அணியுங்கள் (நம் மரத்துப் பாலுக்கு அங்கேயும் வேலை இருக்கிறது). ஜூலை, ஆகஸ்ட் மாத வெயிலில் நடுப்பகலில் வாசலையே மூடிய நாள்கள் உண்டு. ஏப்ரலோ அக்டோபரோ நல்லது. நடக்க இயலாதவர்களுக்கு மின்தூக்கி இருக்கிறது, முன்பே கேட்டு வையுங்கள். விடியற்காலைப் பிரட்டுக்கு (தோட்டத்தில் ஆள் பெயர் கூப்பிடும் நேரத்துக்கு) எழுந்து பழகிய உங்களுக்குக் காலை எட்டு மணிக்கு அந்த வாசலில் நிற்பது பெரிய காரியமல்ல.

கேள்வி: இங்கிருந்து வரும் குழுத் தலைவரே எல்லா இடங்களையும் விளக்குவாரா?
(வாசகர், தாப்பா)

பதில்: விளக்க மாட்டார். கிரீஸின் தொல்லியல் தளங்களில் உரிமம் பெற்ற உள்ளூர் வழிகாட்டிக்கே அந்த அனுமதி உண்டு. அந்தக் கட்டணம் விலையில் சேர்ந்திருக்கிறதா, பேசப்படுவதைத் தமிழில் சொல்ல ஒருவர் உடன் வருவாரா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: விசா வேண்டுமா?
(வாசகி, சுங்கை சிப்புட்)

பதில்: இத்தாலி, கிரீஸ் இரண்டும் ஷெங்கன் (ஒரே நுழைவு விதியைப் பின்பற்றும் ஐரோப்பியக் கூட்டு) நாடுகள், மலேசியக் கடப்பிதழ் உள்ளவர்கள் எந்த 180 நாளிலும் 90 நாள் வரை விசா இன்றித் தங்கலாம். திரும்பும் தேதிக்குப் பிறகும் குறைந்தது மூன்று மாதம் கடப்பிதழ் செல்லுபடியாக வேண்டும். பதினான்கு பேரின் கடப்பிதழ்களையும் பணம் கட்டுவதற்கு முன்பே திறந்து பார்த்துவிடுங்கள்.