நமக்குப் பனி, அவர்களுக்கு முகில்: விமான வானிலை பற்றிய கேள்வி பதில்

என் ஊர் இலங்கை மலையகத்துப் பொகவந்தலாவை. வானிலை அவதானிப்பு வேலையில் பல வருடம் இரவு முறை பார்த்தவன். விமானக் கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்கு வானிலைத் தகவல் எப்படிப் போகிறது என்று கேட்டவர்களுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

ஹட்டனில் எதிரே வரும் பஸ்கூடத் தெரியவில்லை. அதே நேரம் கொழும்புக்கான கட்டுநாயக்க விமான நிலையத்தில் விமானம் இறங்குகிறதே, எப்படி அண்ணா?

தம்பி, நாம் பனி என்பது பல நாள் முகில்தான். ஹட்டன் 4,000 அடிக்கு மேலே, கட்டுநாயக்க கடலோரத்தில். 3,500 அடியில் முகில் தொங்கினால் அங்கே நிற்பவருக்கு அது தலைக்கு மேலே கூரை. அதே உயரத்தில் இங்கே முகில் படிந்தால் நம் லயம், அதாவது தோட்டத்து வரிசை வீடுகள், அதற்குள் கிடக்கும். அறிக்கையில் முகிலின் உயரத்தை அந்தந்த விமான நிலையத் தரையிலிருந்துதான் எழுதுவார்கள். "கொழும்பில் 3,000 அடி, தாராளம்" என்று நம்பி ஹெலியில் மலைக்கு வருபவருக்குக் கினிகத்தேனை தாண்டி ஏறும்போதே வழி அடைபட்டுவிடும். இதை நான் எத்தனை தடவை சொன்னாலும் போதாது.

பார்வைத் தூரம் 1 கிலோமீற்றருக்குக் குறைந்தால்தான் மூடுபனி என்று பதிவோம். தூரம் தெரிந்த ஒரு மரம், ஒரு கோபுரம், ஒரு மலைமுகடு என்று குறித்து வைத்திருப்போம். மரம் தெரிகிறது, கோபுரம் மறைந்துவிட்டது என்றால் எழுத வேண்டிய எண் கைக்கு வந்துவிடும்.

நுவரெலியாவில் தண்ணீர் 94 பாகையளவிலேயே கொதிக்கிறது, காற்றழுத்தம் குறைவு என்கிறார் டீச்சர். விமானத்துக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

உண்டு மகள். விமானத்தின் உயரமானியும் காற்றழுத்தத்தை வைத்துத்தான் உயரம் சொல்கிறது. கட்டுப்பாட்டாளர் தரும் அழுத்த எண்ணை விமானி அதில் திருப்பி வைப்பார். அழுத்தத்தை அளக்கும் அலகு ஹெக்டோபாஸ்கல்; அதில் 1 பிழைத்தால் ஏறக்குறைய 27 அடி பிழைக்கும். நம் நாட்டில் அழுத்தம் காலை பத்து மணியளவில் கூடும், மாலை நான்கு மணியளவில் இறங்கும். அதனால் காலையில் வாங்கிய எண் மாலைக்கு உதவாது.

புயல் மழை என்றால் இறங்காதே என்று கோபுரம்தான் சொல்லுமா?

இல்லை. கோபுரம் காற்று, பார்வைத் தூரம், முகில், அழுத்தம் எல்லாவற்றையும் சொல்லும். இறங்குவதா, சுற்றுவதா, வேறு நிலையத்துக்குப் போவதா என்ற முடிவு விமானியுடையது.

நோட்டன் பிரிட்ஜ் பக்கம் ஏழு கன்னியர் மலையில் விமானம் மோதியது வானிலையாலா?

1974 டிசம்பர் 4 இரவு நடந்தது அது. சுரபாயாவிலிருந்து ஹஜ் யாத்திரிகர்களுடன் கொழும்புக்கு வந்த, நெதர்லாந்தின் மார்ட்டின்எயார் நிறுவனத்தின் டீசி-8 விமானம். 191 பேரில் ஒருவரும் மிஞ்சவில்லை. தாங்கள் எங்கே இருக்கிறோம் என்பதை விமானிகள் தவறாகக் கணித்து, பாதுகாப்பான உயரத்துக்குக் கீழே இறங்கிவிட்டார்கள். மழையின் மேல் பழி போடுவது சரியில்லை ஐயா.

ஏப்ரலில் பின்னேரம் இடி இடிக்கிறதே, அதையும் முன்கூட்டிச் சொல்வார்களா?

சொல்வார்கள். காலை வெயிலில் மலைச்சரிவு சூடாகி, பகலுக்குள் முகில் கோபுரமாக எழும். விமான நிலைய முன்னறிவிப்பில் அதைத் தனியாகக் குறிப்பார்கள். திடீரென்று மாறினால் அடுத்த அறிக்கை நேரம்வரை காத்திருக்காமல் உடனே விசேட அறிக்கை போகும். கொழுந்து எடுப்பவர்கள் முதல் இடி கேட்டதும் மலையிலிருந்து இறங்கிவிடுங்கள், நிறுவை பிறகு பார்க்கலாம்.