பழைய மேக்னம் ரைபிள் வாங்கலாமா? கேள்வி பதில்

புதுச்சேரி, கடலூர்ப் பகுதிகளிலிருந்து பிரான்சுக்கும் அமெரிக்காவுக்கும் சென்று குடியேறியவர்களில் சிலர் அங்கே துப்பாக்கிச் சுடுதலைப் பொழுதுபோக்காகக் கொண்டிருக்கிறார்கள். நெடுந்தொலைவுச் சுடுதலுக்கு, ஏற்கெனவே ஒருவர் பயன்படுத்திய மேக்னம் ரைபிளை (வழக்கமான தோட்டாவைவிட அதிக வெடிமருந்து அடைத்த தோட்டாவைச் சுடுவது) வாங்கலாமா என்று அவர்களும், ஊரில் இருக்கும் சிலரும் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன். நான் சொல்தா (பிரெஞ்சு இராணுவ வீரர்) குடும்பத்தில் பிறந்து, பிரெஞ்சு இராணுவத்தில் பணியாற்றி, பின்னர் அங்கேயே ஒரு கிளப்பில் பல ஆண்டுகள் சுட்டுப் பழகி, இப்போது முத்தியால்பேட்டையில் ஓய்வில் இருப்பவன். ஆகவே பிரான்சு பற்றிய பதில்கள் சற்று நீண்டுவிட்டால் பொறுத்துக்கொள்ளவும்.

கேள்வி (லாஸ்பேட்டையைச் சேர்ந்தவர், இப்போது லியோன் நகரில்): ஐயா, ஒரு வேட்டைக்காரர் தம்முடைய டிக்கா ரைபிளை, .300 வின்செஸ்டர் மேக்னம், ஸ்கோப்போடு (குறிபார்க்கும் தொலைநோக்கி) 1100 யூரோவுக்குத் தருவதாகச் சொல்கிறார். மொத்தமே 200 தோட்டாக்கள்தான் சுட்டிருக்கிறாராம். 1000 மீட்டர் சுட வேண்டும் என்பது என் ஆசை. வாங்கலாமா?

பதில்: முதலில் அவர் சொல்லும் 200 தோட்டாக் கணக்கைப் பார்ப்போம். கார் விற்பவர் சொல்லும் கிலோமீட்டர் கணக்கை நம்பாதவர்கள்கூட இதை ஓரளவு நம்பலாம். மேக்னம் ரைபிளை வாங்கும் வேட்டைக்காரர்களில் பலர், அதன் உதைப்பைத் தோளில் இரண்டு மூன்று பெட்டித் தோட்டாக்களுக்கு வாங்கிய பிறகு, பருவத்துக்குச் சில தோட்டாக்களுக்கு மேல் சுடுவதில்லை, கடைசியில் விற்றுவிடுகிறார்கள். ஆகவே பழைய மேக்னம்களில் நல்ல நிலையில் உள்ளவை நிறையவே கிடைக்கின்றன. ஆனால் அவர் எதனால் விற்கிறாரோ, அதே காரணம் நாளை உங்களையும் விற்க வைக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள். டிக்கா டி3 வரிசையின் இலகுவான வகை வெறும் 3 கிலோ அளவில்தான் இருக்கும். மலையேறி ஒரு குண்டு சுடுபவருக்கு அது வரம். பாயில் படுத்து ஒரே காலையில் நாற்பது தோட்டா சுட நினைப்பவருக்கு அது தண்டனை.

அடுத்து, பேரலின் (துப்பாக்கிக் குழலின்) ஆயுள். .308 வின்செஸ்டரும் .300 வின்செஸ்டர் மேக்னமும் ஒரே விட்டமுள்ள குண்டைத்தான் செலுத்துகின்றன. முன்னது ஏறத்தாழ 2.8 கிராம் வெடிமருந்தை எரிக்கிறது, பின்னது 4.5 கிராமுக்கு மேல் எரிக்கிறது. அதே குறுகிய துளைக்குள் அவ்வளவு கூடுதல் வெப்பமும் வாயுவும் பாய்வதால், தோட்டா அமரும் அறையான சேம்பருக்கு முன்னால் உள்ள த்ரோட் என்ற பகுதி விரைவில் அரிக்கப்படுகிறது. நெடுந்தொலைவுக்குத் தேவையான துல்லியம் .308 பேரலில் 5000 தோட்டா அளவுக்கு நிற்கும் என்றால், .300 மேக்னத்தில் 1000 முதல் 1500 தோட்டாக்களிலேயே குறையத் தொடங்கிவிடும். பேரலைச் சூடாக வைத்துக்கொண்டு தொடர்ந்து சுடுபவருக்கு அதைவிடவும் முன்னதாகவே குறையும்.

இதைக் கேட்டவுடன் பேரல் தேய்ந்துவிடுமே என்று அஞ்ச வேண்டியதில்லை. கடைத் தோட்டா ஒன்று மூன்று முதல் ஐந்து யூரோ வரை விற்கிறது என்று வைத்துக்கொண்டால், 1200 தோட்டா சுட்டு முடிப்பதற்குள் நீங்கள் 3600 முதல் 6000 யூரோ வரை செலவிட்டிருப்பீர்கள். அந்தக் கணக்கின் முன் ரைபிளின் விலையும் சிறியது, மாற்று பேரலின் விலையும் சிறியது. 1100 யூரோ மலிவா என்பதைவிட, ஆண்டுக்கு எத்தனை தோட்டாவுக்கு உங்கள் குடும்பச் செலவில் இடமுண்டு என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

மூன்றாவது, உங்கள் கிளப்பின் சுடுதளம் எத்தனை மீட்டர்? பிரான்சில் பெரும்பாலான கிளப்களில் 50, 100, 200 மீட்டர், சில இடங்களில் 300 மீட்டர் வரைதான் உண்டு. 1000 மீட்டர் சுட, ஆண்டுக்குச் சில முறை வேறு ஊருக்குப் பயணம் போக வேண்டியிருக்கும். மற்ற நாள்களெல்லாம் 200 மீட்டரில் மேக்னம் சுடுவது பணத்தையும் பேரலையும் வீணாக எரிப்பதுதான். காற்றை எதிர்கொள்ளும் திறனில் .300 மேக்னம் .308-ஐவிடத் தெளிவாக மேலானது, அதை மறுக்க முடியாது. ஆனால் 2007-இல் அறிமுகமான 6.5 கிரீட்மோர் என்ற தோட்டா, மெலிந்து நீண்ட குண்டுகளின் உதவியால், 1000 மீட்டர் வரை ஏறத்தாழ அதே அளவுக்குக் காற்றைச் சமாளிக்கிறது. உதைப்போ பாதிதான், பேரலும் இரு மடங்கு உழைக்கும். பிரெஞ்சுப் படையின் குறிச்சுடுநர்கள் பயன்படுத்திய எஃப்.ஆர். எஃப்2 ரைபிள்கூடப் பல பத்தாண்டுகளாக மேக்னம் இல்லாமல், .308-க்கு நிகரான 7.62 தோட்டாவோடுதான் பணியாற்றியது. 1000 மீட்டருக்கு அப்பால், 1200, 1300 மீட்டர் என்று கனமான குண்டுகளோடு போக வேண்டும் என்றால்தான் மேக்னம் தன் விலைக்கு வேலை செய்யத் தொடங்குகிறது. உங்களுக்கு என் ஆலோசனை: முதல் ரைபிளாக இதை வாங்க வேண்டாம்.

சட்டப்படி செய்ய வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். போல்ட் ரைபிள் (கையால் போல்ட்டை இழுத்து ஒவ்வொரு தோட்டாவாக ஏற்றுவது) அங்கே ஆயுதச் சட்டத்தின் சி பிரிவில் வரும். பிரெஞ்சுச் சுடுதல் கூட்டமைப்பின் உரிமமோ செல்லுபடியாகும் வேட்டை அனுமதியோ உங்களுக்கு இருக்க வேண்டும். விற்பவர் தனியார் என்றாலும் கைமாற்றம் ஆயுதக் கடைக்காரர் வழியாகவே நடக்க வேண்டும், எஸ்.ஐ.ஏ. என்ற அரசு ஆயுதப் பதிவேட்டின் இணையக் கணக்கில் உங்கள் பெயரில் பதிவாக வேண்டும். நண்பர்தானே என்று கையில் வாங்கிக் காரில் வைத்துக்கொண்டு வந்துவிடாதீர்கள்.

கேள்வி (வில்லியனூர், இப்போது கனடாவில்): வாங்குவது என்று முடிவு செய்துவிட்டேன். 7 மி.மீ. ரெமிங்டன் மேக்னம். விற்பவர் வீட்டில் அரை மணி நேரம் கிடைக்கும். எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

பதில்: போனதும் ரைபிள் காலியாக இருக்கிறதா என்று நீங்களே சோதித்து, போல்ட்டைக் கழற்றி வெளியே வையுங்கள். கைபேசியில் இணைக்கக்கூடிய சிறு போர்ஸ்கோப் கேமரா இப்போது மலிவாகக் கிடைக்கிறது. அதைச் சேம்பர் பக்கமிருந்து உள்ளே விட்டு, குண்டைச் சுழற்றும் வரிப்பள்ளங்கள் தொடங்கும் இடத்தில் நிறுத்துங்கள். புதிய பேரலில் வரிகளின் முனைகள் கூர்மையாகத் தெரியும். நிறைய சுட்ட பேரலில் அந்த இடம் கோடையில் ஊசுட்டேரியின் ஓரம் வறண்டு வெடித்துக் கிடப்பதைப் போல வலைவலையாகப் பிளந்திருக்கும். லேசான வெடிப்பு எந்த மேக்னத்திலும் சில நூறு தோட்டாக்களுக்குள் வந்துவிடும். அதைக் கண்டு பின்வாங்க வேண்டியதில்லை. வெடிப்புகள் வரிகளையே மழுக்கி, முன்னோக்கி விரல்நீளத்துக்கு மேல் பரவியிருந்தால், அந்தப் பேரலுக்கு விலை கொடுக்காதீர்கள். பேரலைத் துடைத்துக் காட்டச் சொல்லிவிட்டுப் பாருங்கள். செம்புப் படிவும் கரியும் பல குற்றங்களை மறைக்கும்.

பிறகு வாய்ப்பகுதியான க்ரவுன். பேரலின் முனையில் குண்டு வெளியேறும் விளிம்பு சிறிது நசுங்கியிருந்தாலும் துல்லியம் போய்விடும். காது குடையும் பஞ்சை உள்ளிருந்து வெளியே இழுத்தால் எங்கே இழை சிக்குகிறதோ அங்கே பிசிறு இருக்கிறது. ஸ்டாக்கின் (பேரலைத் தாங்கும் கட்டையின்) திருகுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தி இறுக்கிப் பாருங்கள். பேரல் மேலும் கீழும் அசைந்தால் பெடிங், அதாவது ஸ்டாக்கில் அது அமர்ந்திருக்கும் விதம், சரியில்லை, ஆனால் அது சரிசெய்யக்கூடிய குறை.

பெரும்பாலானோர் தவறவிடுவது சுட்ட தோட்டாக்கூட்டை. விற்பவரிடம் அவர் சுட்டு வைத்திருக்கும் பித்தளைக் கூடுகளில் நாலைந்தைக் கேட்டு வாங்குங்கள். மேக்னம் கூட்டின் அடியில் இருக்கும் பட்டைக்குச் சற்று மேலே, பளபளப்பான வளையம் ஒன்று சுற்றி ஓடுகிறதா என்று பாருங்கள். ஒரு பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி, நுனியை மட்டும் வளைத்து, கூட்டின் உட்சுவரில் அடியிலிருந்து மேலே இழுங்கள்; ஓரிடத்தில் நுனி பள்ளத்தில் விழுவது போல் தடுக்கினால், கூடு அங்கே அறுந்துபோகத் தயாராக இருக்கிறது. அது மறுமுறை நிரப்பிச் சுட்ட கூடு என்றால் குற்றம் அவருடைய நிரப்பும் முறையில் இருக்கலாம். கடையில் வாங்கி முதல் முறை சுட்ட கூட்டிலேயே அப்படித் தெரிந்தால், சேம்பரின் ஹெட்ஸ்பேஸ் அளவையே (தோட்டா அமரும் இடத்தின் நீள அளவை) ஐயப்பட வேண்டும். துப்பாக்கித் தச்சரிடம் கேஜ் வைத்து அளக்காமல் பணம் தராதீர்கள்.

இன்னொன்று, பேரலின் சுழற்சி வீதம். துடைக்கும் கம்பியில் இறுக்கமான துணியைச் சுற்றி உள்ளே தள்ளி, கம்பியில் ஓர் அடையாளம் இட்டு, அது ஒரு முழுச் சுற்றுச் சுற்ற எத்தனை அங்குலம் நகர்கிறது என்று அளந்துகொள்ளுங்கள். 1962-இல் வந்த அந்தத் தோட்டாவுக்கான பழைய பேரல்கள் இன்றைய மிக நீண்ட குண்டுகளை நிலையாகச் சுழற்ற வேண்டும் என்று எண்ணிச் செய்யப்பட்டவை அல்ல.

கேள்வி (நெய்வேலி, இப்போது டல்லாஸில்): நான் எச்-1பி விசாவில் இருக்கிறேன். டெக்சாஸில் தனியாரிடம் சோதனை எதுவும் இன்றி ரைபிள் வாங்கலாம் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். உண்மையா?

பதில்: தம்பி, நண்பர்கள் குடிமக்களுக்கும் பச்சை அட்டைக்காரர்களுக்கும் பொருந்துவதைச் சொல்கிறார்கள். தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதே அமெரிக்க மத்திய அரசின் சட்டப்படி குற்றம். விற்பவர் கேட்கிறாரா இல்லையா என்பது அதை மாற்றாது. அந்தச் சட்டத்தில் சில விலக்குகள் உண்டு; அவற்றில் உங்களைப் போன்றவர்கள் பயன்படுத்துவது, ஏதேனும் ஒரு மாநிலத்தின் செல்லுபடியாகும் வேட்டை உரிமம். அதைப் பெற்று, புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். காலாவதியான மறுநாள் உங்கள் வீட்டில் இருக்கும் ரைபிள் குற்றப்பொருளாகிவிடும். சுடுதளத்தில் வாடகைக்கு எடுத்துச் சுடுவதற்கும் இதே விதிதான். குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒரு முறை கேட்டுவிட்டுச் செய்யுங்கள். ஒரு பொழுதுபோக்குக்காக விசாவைப் பணயம் வைக்க வேண்டாம்.

கேள்வி (பண்ருட்டி, இப்போது ஹூஸ்டனில், குடியுரிமை பெற்றவர்): ரெமிங்டன் 700, .300 மேக்னம், 2009-இல் வாங்கியதாம். அதன் விசை பற்றி ஏதோ சொல்கிறார்களே?

பதில்: 2006 மே முதல் 2014 ஏப்ரல் வரை செய்யப்பட்ட எக்ஸ்-மார்க் புரோ விசைகளை, தொடாமலே சுடக்கூடும் என்ற காரணத்தால், நிறுவனமே 2014-இல் திரும்ப அழைத்தது. விற்பவரிடம் சரிசெய்த சான்று இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் வேறு நல்ல விசைத் தொகுதியின் விலையைக் கழித்துக்கொண்டு வாங்கி, முதல் தோட்டா சுடுவதற்கு முன்பே மாற்றிவிடுங்கள். மற்றபடி அது நல்ல ரைபிள். மாற்று பேரலும் உதிரிகளும் அதற்குக் கிடைப்பதைப் போல வேறு எதற்கும் கிடைக்காது.

கேள்வி (காலாப்பட்டு, இப்போது பாரிசு புறநகரில்): நான் 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கி சுடுபவள். எடை 52 கிலோ. கணவர் .300 மேக்னம் வாங்கி இருவரும் சுடலாம் என்கிறார். என்னால் இயலுமா?

பதில்: இயலும், அம்மா, ஆனால் உங்களிடம் இப்போது இருக்கும் நல்ல பழக்கம் கெட்டுப்போகும். காற்றுத் துப்பாக்கிக்காரர்களின் பெரிய சொத்து, விசை விடுபடும் கணத்தில் உடல் அசையாமல் இருப்பதே. 4 கிலோ ரைபிளில் அந்த மேக்னத்தின் உதைப்பு, .308-இன் உதைப்பைப் போல ஒன்றரை மடங்குக்கு மேல் இருக்கும். சில பத்துத் தோட்டாக்களுக்குள் கண் தானாக மூடத் தொடங்கும், தோள் முன்கூட்டியே பின்வாங்கும். பேரல் முனையில் வாயுவைப் பக்கவாட்டில் திருப்பும் மஸில் பிரேக் பொருத்தினால் உதைப்பு வெகுவாகக் குறையும். ஆனால் வெடிச்சத்தம் பக்கவாட்டில் திரும்புவதால் பக்கத்தில் படுத்திருப்பவர் உங்களோடு சண்டைக்கு வருவார், காதுக்கு இரட்டைப் பாதுகாப்பு வேண்டும். கணவருக்கு ஆசை என்றால் அவருக்கு அது இருக்கட்டும். உங்களுக்குக் கனமான 6.5 கிரீட்மோர் ஒன்று வாங்கித் தரச் சொல்லுங்கள். 800 மீட்டரில் யார் இலக்கை அதிகம் தொடுகிறீர்கள் என்று பிறகு பார்க்கலாம்.

கேள்வி (கடலூர், மஞ்சக்குப்பம்): என்னிடம் .32 ரிவால்வருக்கான உரிமம் உள்ளது. தெரிந்தவர் ஒருவர் தம் தாத்தா காலத்து .375 ஹாலண்ட் அண்டு ஹாலண்ட் மேக்னத்தைச் சில இலட்சங்களுக்குத் தருகிறார். நெடுந்தொலைவு பழக ஏற்றதா?

பதில்: ஏற்றதல்ல. அது 1912-இல் பெரு விலங்குகளுக்காக உருவாக்கப்பட்ட தோட்டா. இன்றைய பட்டை போட்ட மேக்னங்களில் பலவற்றுக்கு அதுவே தாய் என்ற பெருமை அதற்கு உண்டு. ஆனால் கனமான, தடித்த குண்டு, நடுத்தர வேகம், தோளைப் புரட்டும் உதைப்பு, இவை எதுவும் 1000 மீட்டருக்கு உதவாது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு அதைக் கொண்டு செய்ய நினைத்த வேலையும் இங்கே இல்லை. வெளிநாட்டுத் துப்பாக்கிகளின் இறக்குமதி பொதுமக்களுக்கு 1980-களிலிருந்து அடைபட்டுக் கிடப்பதால்தான் அவர் இலட்சங்களில் விலை சொல்கிறார். அந்த விலை கிடைக்காமையின் விலை, தரத்தின் விலை அல்ல.

அந்தக் காலத் தோட்டாக்களில் கார்டைட் என்ற சூடான வெடிமருந்தும், உப்புப் படிவை விட்டுச் செல்லும் ப்ரைமரும் (மருந்தைப் பற்றவைக்கும் பொட்டு) இருந்தன. சுட்ட அன்றே வெந்நீர் ஊற்றிக் கழுவாமல் விட்ட பேரல், நம் கடற்கரைக் காற்றில் ஐம்பது ஆண்டு இருந்தால் உள்ளே என்ன ஆகியிருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. வெளியே எண்ணெய் பூசி மின்னும் ரைபிளின் ஸ்டாக்கைக் கழற்றினால், மரத்துக்குள் மறைந்திருந்த அடிப்பகுதி முழுவதும் துரு தின்றிருப்பதைக் கடலூர்த் துறைமுகப் பக்கத்து வீடுகளில் கண்டிருக்கிறேன்.

சட்டப்படி, உங்கள் உரிமத்தில் ரைபிள் சேர்க்கப்பட வேண்டும். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்க இயலாது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். விற்பவர் தம் எண்ணத்தை மாவட்ட ஆட்சியருக்கோ அருகிலுள்ள காவல் நிலையத்துக்கோ எழுத்தில் தெரிவித்து 45 நாள் கழிந்த பிறகே கைமாற்ற முடியும். தாத்தாவின் ரைபிள் இப்போது முறைப்படி அவர் பெயரில் இருக்கிறதா என்பதை முதலில் கேளுங்கள். இல்லையென்றால் அந்தப் பேச்சையே அங்கே நிறுத்திவிடுங்கள்.

உண்மையில் சுடுதலில் ஆர்வம் என்றால், அந்தப் பணத்தில் பத்தில் ஒரு பங்கில் நல்ல .177 காற்றுத் துப்பாக்கியும் பயிற்சியும் கிடைக்கும். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் உலகக் கோப்பைகளில் தங்கம் வென்றது அந்த 10 மீட்டரில்தான்.

கேள்வி (அரியாங்குப்பம்): பிரான்சில் இருக்கும் அண்ணன் ஊர் திரும்பும்போது தம் மேக்னத்தைக் கொண்டுவரலாமா?

பதில்: பயணப் பெட்டியில் கொண்டுவரும் பொருள் அல்ல அது. அங்கேயே முறைப்படி விற்றுவிட்டு வரச் சொல்லுங்கள்.

கேள்வி (லியோன் நேயர் மீண்டும்): நீங்கள் வேண்டாம் என்றாலும் மனம் விடவில்லை. பேரம் எப்படிப் பேசுவது?

பதில்: எதிர்பார்த்தேன். பேரலைத் தேய்ந்ததாகவே கணக்கில் வைத்து, ஆக்‌ஷனுக்கும் (போல்ட் இயங்கும் பகுதி) ஸ்டாக்குக்கும் மட்டும் விலை பேசுங்கள். ஸ்கோப்பைத் தனியாக மதிப்பிடுங்கள். வேட்டை ஸ்கோப்புகளில் பெரும்பாலானவற்றில் 1000 மீட்டரில் குண்டு கீழே இறங்குவதை ஈடுகட்டும் அளவுக்கு உயரச் சரிசெய்கை இருக்காது, ஆகவே அது உங்களுக்குப் பயன்படாது. அவரே வைத்துக்கொள்ளட்டும் என்று சொல்லி விலையைக் குறைக்கலாம். பேரல் எப்போதாவது மாற்றப்பட்டிருந்தால் துப்பாக்கிகளைச் சோதிக்கும் செயிண்ட் எத்தியேன் சோதனைச்சாலையின் முத்திரையோ அதற்கு நிகரான முத்திரையோ புதிய பேரலில் இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்கோப் இல்லாமல் 650 யூரோவுக்கு இறங்கினால் வாங்கிக்கொள்ளுங்கள். 800-க்கு மேல் என்றால் எழுந்து வந்துவிடுங்கள். அடுத்த வேட்டைப் பருவம் முடிந்ததும் தோள் வலித்த இன்னொருவர் விற்க வருவார்.