20-க்கு 12 வாங்கியதற்கு அழ வேண்டாம்

லண்டனிலிருந்து பிரான்ஸின் லியோனுக்கு வந்த மகள் 20-க்கு 12 வாங்கி அழுகிறாள், தாமதமாகப் போனதற்கு வகுப்பிலேயே விடவில்லை என்று எழுதியிருந்தீர்கள். முதலில் மதிப்பெண். பிரான்ஸில் 10 எடுத்தாலே தேர்ச்சி. பக்கலோரெயா என்ற பள்ளி இறுதித் தேர்வில் 12-க்கே சிறப்புக் குறிப்பு உண்டு. 16 எடுத்தால் 'மிக நன்று'. 20-க்கு 20 அபூர்வம். அறிக்கையில் வகுப்புச் சராசரியும் இருக்கும், அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இங்கிலாந்து ஆசிரியர்கள் ஸ்டிக்கரும் பாராட்டும் தாராளமாகத் தருவார்கள். பிரான்ஸில் தவறைச் சுட்டுவதுதான் வேலை என்று நினைப்பவர்கள் அதிகம். அதைக் கோபமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

சீருடை இல்லையே, கெடுபிடியும் இருக்காது என்று நானும் ஏமாந்தவன்தான்! கொலேஜ் என்ற நடுநிலைப் பள்ளியில் தாமதம், வருகை எல்லாவற்றையும் 'வி ஸ்கொலேர்' என்ற தனிப்பிரிவு பார்க்கும். தாமதமானால் அங்கே சீட்டு வாங்கிக்கொண்டுதான் வகுப்புக்குப் போக வேண்டும். அப்புறம், வகுப்புப் பொறுப்பாசிரியரிடம் நேரம் கேட்டுச் சந்தியுங்கள்.