முட்டையை வேகவைத்தால் புரதம் அழிந்துவிடுமா? ஒரு உணவில் புரதம் இருப்பதை எப்படிச் சோதிப்பது?

அழியாது. வேகவைத்த முட்டையில் புரதம் அப்படியே இருக்கிறது, குலைவது அதன் வடிவம் மட்டும்தான். பள்ளி ஆய்வகத்தில் வேதியியல் செய்முறை சொல்லித்தருபவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

புரதம் என்பது 20 வகை அமினோ அமிலங்கள் பல விதமாகக் கோத்துக்கொண்ட நீண்ட சங்கிலி. ஒன்றை அடுத்ததோடு பிணைப்பது பெப்டைடு பிணைப்பு. எதற்குப் பின் எது என்கிற வரிசைதான் முதல்நிலை அமைப்பு. இன்சுலினில் இருப்பது 51 அமினோ அமிலங்கள்தான். ஆனால் அதன் வரிசையைக் கண்டறிந்த வேலைக்காக ஃபிரெட்ரிக் சாங்கருக்கு 1958இல் நோபல் பரிசே கிடைத்தது. சங்கிலி சுருளாகவோ மடிப்புத் தகடாகவோ ஆவது இரண்டாம் நிலை, அது மேலும் மடிந்து உருள்வது மூன்றாம் நிலை, ஹீமோகுளோபின் மாதிரி பல சங்கிலிகள் சேர்ந்திருப்பது நான்காம் நிலை.

கொதிநீர் குலைப்பது இரண்டாம் நிலையையும் அதற்கு மேலுள்ளவற்றையும்தான். நூல்கண்டு பிரிந்து சிக்காகிவிடுகிறது, நூல் அறுவதில்லை. அந்தச் சிக்குதான் கெட்டியான வெள்ளைக்கரு. நூலை அறுப்பது நம் வயிற்றிலும் குடலிலும் உள்ள நொதிகளின் வேலை.

இப்போது சோதனைக்கு வருவோம். வெள்ளைக்கருவைத் தண்ணீரில் கலக்கி, சோடியம் ஹைட்ராக்சைடு கரைசல் சேர்த்து, மிக நீர்த்த மயில்துத்தக் (காப்பர் சல்பேட்) கரைசலைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். ஊதா நிறம் வரும். இதுதான் பையூரெட் சோதனை. தாமிர அயனி பெப்டைடு பிணைப்புகளின் நைட்ரஜனோடு சேர்வதால் வரும் நிறம் அது. பச்சை முட்டை, வெந்த முட்டை இரண்டிலும் ஊதா வருவதற்குக் காரணமும் இதுதான், பிணைப்புகள் இரண்டிலும் இருக்கின்றன. தனி அமினோ அமிலத்துக்கு இந்த ஊதா வராது. மாணவர்கள் துத்தத்தைக் கொட்டிவிட்டு நீலம் வந்திருக்கிறது என்று காட்டுவார்கள். துத்தம் அதிகமானால் அதன் நீலம் ஊதாவை மூடிவிடும், அவ்வளவுதான்.

அடர் நைட்ரிக் அமிலச் சோதனை வேறு மாதிரி. அது பிணைப்பைப் பார்ப்பதில்லை, டைரோசின், டிரிப்டோஃபான் போன்ற வளையம் கொண்ட அமினோ அமிலங்களைப் பார்த்து மஞ்சளாகிறது. கையில் பட்டால் தோலும் மஞ்சளாகும், தோலும் புரதம்தானே. வீட்டில் முயல வேண்டாம்.

இரண்டையும் ஜெலட்டினில் செய்தால் சுவாரசியமாக இருக்கும். எலும்பிலும் தசைநாரிலும் உள்ள கொலாஜன் மூன்று சங்கிலிகள் முறுக்கிய அமைப்பு. அதை 1954இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் முன்வைத்தவர்கள் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும். கொதிக்கவைத்தால் முறுக்கு அவிழ்ந்து ஜெலட்டின் ஆகிறது. ஆட்டுக்கால் சூப் விரலில் ஒட்டுவது அதனால்தான். ஜெலட்டின் பையூரெட்டில் நன்றாக ஊதா காட்டும், நைட்ரிக் அமிலத்தில் மஞ்சள் மங்கலாகத்தான் வரும். உணவிலிருந்தே உடலுக்குக் கிடைக்க வேண்டிய டிரிப்டோஃபான் அதில் கிடையாது, டைரோசினும் மிகக் குறைவு. ஊதா வந்துவிட்டது என்பதற்காக அதைத் தரமான புரத உணவு என்று சொல்ல முடியாது.

உணவுத் தொழிலில் புரதத்தை அளக்கப் பரவலாகப் பயன்படுவது கெல்டால் முறை. 1883இல் கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் உருவானது. உணவிலுள்ள மொத்த நைட்ரஜனை அளந்து, அதைப் புரத அளவாக மாற்ற 6.25ஆல் பெருக்குவார்கள், பாலுக்கு 6.38. அந்த நைட்ரஜன் எங்கிருந்து வந்தது என்று இந்த முறை கேட்பதே இல்லை. 2008இல் சீனாவில் தண்ணீர் கலந்த பாலில் மெலமைன் என்ற பிளாஸ்டிக் தொழில் வேதிப்பொருளைச் சேர்த்தது இந்த ஓட்டையைப் பயன்படுத்தித்தான். மெலமைனின் எடையில் மூன்றில் இரண்டு பங்கு நைட்ரஜன். அளவு சரியாகக் காட்டியது, குழந்தைகளுக்குச் சிறுநீரகக் கற்கள் வந்தன. கிட்டத்தட்ட 3 லட்சம் பேர் பாதிக்கப்பட்டார்கள், 6 பேர் இறந்ததாக அரசே சொன்னது. பெப்டைடு பிணைப்பே இல்லாத மெலமைன் பையூரெட்டை இப்படி ஏமாற்ற முடியாது.

பையூரெட் பள்ளியோடு முடிந்துவிடுவதில்லை. ஊதா எவ்வளவு அடர்த்தி என்று 540 நானோமீட்டர் ஒளியில் அளந்தால் புரதத்தின் அளவே கிடைக்கும். கல்லீரல் பரிசோதனை அறிக்கையில் 'டோட்டல் புரோட்டீன்' என்று ஒரு வரி இருக்கும். டெசிலிட்டருக்கு 6 முதல் 8 கிராம் வரை இருந்தால் பொதுவாக இயல்பு. பெரும்பாலான ஆய்வகங்களில் அந்த எண் வருவது இதே துத்தச் சோதனையில்தான்.