மலைநாட்டில் முகாம் போட எந்தக் கத்தி நல்லது?

நக்கிள்ஸ் மலைப் பக்கம் இரண்டு நாள் தங்கப் போகிறோம், வீட்டிலுள்ள கவ்வாத்துக் கத்தி போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. அது தேயிலை வாதுகளைச் சரித்து வெட்டுவதற்கென்றே வளைத்துச் செய்தது. விறகு பிளக்க நேரான அலகு வேண்டும்.

முதலில் பார்க்க வேண்டியது கைப்பிடி. அலகின் இரும்பு பிடியின் கடைசி வரை ஒரே துண்டாக ஓட வேண்டும், ஏனென்றால் கத்தியைத் தட்டித்தான் விறகு பிளக்கப் போகிறீர்கள். மழையில் ஊறிய விறகு மேலே நசநசத்தாலும் பெரும்பாலும் உள்ளே காய்ந்திருக்கும். கத்தியை விறகின் தலையில் வைத்து, கத்தி முதுகில் கட்டையால் தட்டிப் பிளந்தால் வெளிறிய உள்மரம் தெரியும். அதைச் சுருள் சுருளாகச் சீவினால் தீ பிடிக்கும். மடக்குக் கத்தியில் இப்படித் தட்டினால் மூட்டு ஆட்டம் கண்டுவிடும், விரலுக்கும் ஆபத்து. அலகு 10 சென்டிமீட்டர் நீளம், 3 முதல் 4 மில்லிமீட்டர் தடிப்பு இருந்தால் தாராளம்.

கார்பன் எஃகா, துருப்பிடிக்காத எஃகா? கார்பன் எஃகைத் தீட்டுவது சுலபம், ஆனால் துருப்பிடிக்கும். அப்பா வேலை முடிந்து வந்ததும் கத்தியைத் துடைத்து, தேங்காயெண்ணெய் தொட்ட துணியால் ஒரு இழுப்பு இழுத்துத்தான் வைப்பார். அந்தப் பழக்கம் இல்லையென்றால், நம் மலை ஈரத்துக்கு 13 சதவீதமளவு குரோமியம் உள்ள துருப்பிடிக்காத எஃகையே வாங்குங்கள். தோல் உறை ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும்; பிளாஸ்டிக் உறை மேல்.

ஹோர்ட்டன் சமவெளி போனால் கவனம்: அது தேசியப் பூங்கா, செடிகொடியை வெட்டக்கூடாது.