மனநல மருத்துவரிடம் போனால் பட்டாளத்துப் பென்ஷன் நின்றுவிடுமா?

கேள்வி: என் கணவர் ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து சென்ற ஆண்டு ஓய்வுபெற்றார். வடக்கு எல்லையில் நெடுநாள் இருந்தவர். இரவில் தூக்கம் இல்லை. கண்ணயர்ந்தாலும் கத்திக்கொண்டு எழுகிறார். வெடிச்சத்தம் கேட்டால் உடம்பு தூக்கிப்போடுகிறது. தினமும் குடிக்கிறார். ஐந்தாம் வகுப்பு படிக்கும் மகன் சில மாதங்களாகப் படுக்கையை நனைக்கிறான், பள்ளிக்குப் போக மறுத்து அழுகிறான். மனநல மருத்துவரிடம் காட்டினால் பென்ஷன் நின்றுவிடும், செக்யூரிட்டி வேலையும் கிடைக்காது என்கிறார் மாமியார். மறுவாழ்வு மையத்திலிருந்து வேன் அனுப்பி அழைத்துப்போகிறோம், மூன்று மாதத்தில் சரியாகிவிடும் என்கிறார் தெரிந்தவர் ஒருவர். என்ன செய்யலாம்?
— வாசகி, வேலூர் மாவட்டம்

பதில்: பென்ஷன் நிற்காது. இந்த வரியை முதலில் உங்கள் மாமியாருக்குப் படித்துக் காட்டுங்கள். அது உங்கள் கணவர் செய்து முடித்த சேவைக்குக் கிடைக்கும் பணம். ஓய்வுக்குப் பிறகு அவர் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறாரா, தூக்கத்துக்குச் சாப்பிடுகிறாரா என்று யாரும் அதில் கணக்குப் பார்ப்பதில்லை. மனநோய் இருப்பதாக மருத்துவர் சொல்லிவிட்டார் என்பதற்காக ஒருவரைச் சித்தசுவாதீனம் இல்லாதவர் என்று கருதக் கூடாது, அதைத் தகுதியுள்ள நீதிமன்றம்தான் சொல்ல வேண்டும் என்று 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 3ஆவது பிரிவு சொல்கிறது. சிகிச்சை விவரங்களை ரகசியமாக வைத்திருக்க வேண்டும் என்கிறது 23ஆவது பிரிவு. சட்டம் 2018 மே மாதமே நடைமுறைக்கு வந்துவிட்டது. ஊர்ப் பேச்சுதான் இன்னும் 1912ஆம் ஆண்டுப் பைத்தியக்காரச் சட்டத்தைத் தாண்டி வரவில்லை.

வேலை விஷயத்தில் உங்கள் மாமியாரின் பயத்தில் கொஞ்சம் உண்மை உண்டு. அதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். தொழிற்சாலை வாசலிலோ அடுக்குமாடிக் குடியிருப்பிலோ செக்யூரிட்டி வேலைக்குச் சேர இவர் எங்கே மருந்து வாங்கினார் என்று யாரும் கேட்கப்போவதில்லை. துப்பாக்கியோடு பார்க்கும் வேலை வேறு. வங்கிக் காவலுக்குப் போகும் முன்னாள் வீரர்கள் பலர் சொந்தத் துப்பாக்கி உரிமம் எடுத்துத்தான் போகிறார்கள். அந்த உரிமத்துக்கு மனநலம், உடல்தகுதி பற்றிய மருத்துவச் சான்று வேண்டும். போதைக்கு அடிமையானவர் அல்ல என்பதும் அதில் இருக்க வேண்டும். முன்னாள் வீரர்களை மறுபடி எடுக்கும் டி.எஸ்.சி. என்ற ராணுவப் பாதுகாப்புப் படையில் சேர்வதானாலும் அப்படித்தான். ராணுவ மருத்துவத் தகுதியான ‘ஷேப்’பின் ஐந்து எழுத்துகளில் முதல் எழுத்தே மனநிலையைக் குறிப்பது; உங்கள் கணவருக்கு இது நன்றாகத் தெரியும், அவருடைய தயக்கத்துக்கே அதுதான் காரணமாக இருக்கும். ஆகவே துப்பாக்கி வேலை இந்த ஆண்டு வேண்டாம். சிகிச்சைக்குப் போனதால் அது தடைபடுகிறது என்று நினைக்காதீர்கள். தூக்கமில்லாமல், தினமும் குடித்து, சத்தத்துக்குத் திடுக்கிடும் ஒருவர் கையில் இப்போது துப்பாக்கி இருக்கவே கூடாது. வீட்டில் ஏற்கெனவே உரிமத் துப்பாக்கி இருந்தால் அதை முறைப்படி காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிட்டு மற்ற வேலையைப் பாருங்கள். குணமாகி, ஒழுங்காக இருக்கிறார் என்று மருத்துவர் எழுதிக் கொடுத்தபின் உரிமத்துக்கு விண்ணப்பிக்கலாம். மருத்துவரிடம் போகாமல் மறைத்து விண்ணப்பிப்பதுதான் பின்னால் வம்பாகும்.

இனி வேன். தயவுசெய்து அனுப்பச் சொல்லாதீர்கள். விருப்பமில்லாத ஒருவரை இரவில் நான்கு பேர் வந்து தூக்கிப்போவது சிகிச்சை ஆகாது. சம்மதமில்லாமல் ஒருவரைச் சேர்க்க வேண்டுமானால், மனநல மருத்துவர் ஒருவரும் மற்றொரு மருத்துவரோ மனநல நிபுணரோ தனித்தனியாக அவரைப் பரிசோதித்திருக்க வேண்டும். தனக்கோ பிறருக்கோ ஆபத்து விளைவிப்பார், அல்லது தன்னைக் கவனித்துக்கொள்ளவே முடியாதவர் என்று இருவரும் கருத வேண்டும். அப்போதும் முதலில் முப்பது நாள்தான். பணம் கட்டுமுன்பே ‘மூன்று மாதம்’ என்று சொல்லும் இடத்தில் நோயாளியை யாரும் பார்க்கவே இல்லை என்று அர்த்தம். மாநில மனநல ஆணையத்தின் பதிவுச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள். மழுப்பினால் போனை வைத்துவிடுங்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடி மனநோயாளிகள் காப்பகத்தில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் கருகிய பிறகும், பதிவில்லாத இடங்களுக்கு ஆள் பிடித்துக் கொடுத்துக் கமிஷன் வாங்குபவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். உங்களுக்குத் ‘தெரிந்தவர்’ அப்படிப்பட்டவரா என்று எனக்குத் தெரியாது, நீங்கள் விசாரியுங்கள்.

இதைவிட ஆபத்தானது குடியை நிறுத்தும் பொடி. ‘அவருக்குத் தெரியாமல் குழம்பில் கலந்து கொடுங்கள்’ என்று விற்கிறார்களே, அது. அதில் டைசல்ஃபிரம் என்ற மருந்து இருந்தால், சாப்பிட்டபின் அவர் குடிக்கும்போது முகம் சிவந்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம். டைசல்ஃபிரம் நல்ல மருந்துதான். ஆனால் குடிப்பவர் தெரிந்து, சம்மதித்து, மருத்துவர் கண்காணிப்பில் எடுக்க வேண்டியது. அவர் மது வாங்கும் ராணுவ கேன்டீன் கார்டை ஒளித்துவைத்து ஒரே நாளில் நிறுத்தவைப்பதும் வேண்டாம். தினமும் நிறையக் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் கை நடுங்கும், வியர்க்கும், வலிப்பு வரலாம், இல்லாதது கண்ணில் தெரியும். அப்படி ஆகிவிட்டால் நேராக அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். சில நாள் மருத்துவமனையில் வைத்து, தயமின் என்ற வைட்டமின் ஊசியும் மற்ற மருந்துகளும் கொடுத்து நிறுத்துவதுதான் சரியான வழி.

எங்கே போவது? முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டமான இ.சி.எச்.எஸ். கார்டு இருக்குமே. அந்தத் திட்டத்தின் பாலிகிளினிக் மருத்துவரிடம் ‘தூக்கம் வரவில்லை’ என்று மட்டும் சொன்னால் தூக்க மாத்திரை எழுதி அனுப்பிவிடக்கூடும். குடிப்பவருக்கு அல்பிரசோலம் போன்ற தூக்க மாத்திரை கூடவே கூடாது. கெட்ட கனவு, திடுக்கிடுதல், குடி மூன்றையும் சொல்லி, மனநல மருத்துவருக்குப் பரிந்துரைச் சீட்டு கேட்டு வாங்குங்கள். சீட்டுக்கு ஒரு வரிசை, முத்திரைக்கு ஒரு வரிசை, மருந்து ‘இருப்பு இல்லை’ என்று எழுதி வாங்க இன்னொரு வரிசை. நாட்டுக்காகப் பனியில் நின்றவரை இங்கேயும் நிற்க வைக்கிறோம். அந்த அலைச்சல் வேண்டாம் என்றால் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவுக்கு நேரே போகலாம். சீட்டு தேவையில்லை, மருந்து இலவசம். தாலுகா மருத்துவமனைகளில் மாவட்ட மனநலத் திட்ட மருத்துவர் வரும் நாளை விசாரித்துக்கொண்டு போகலாம். அந்தத் திட்டத்தில் வேலை பார்த்தவன் என்பதால் சொல்கிறேன்: கூட்டத்தில் உங்களுக்கு ஐந்து நிமிடம் கிடைத்தால் அதிகம். லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லாத நாட்டில் ஆண்டுதோறும் விழிப்புணர்வுப் பேரணிக்கு மட்டும் குறைவில்லை. எனவே நடந்ததையெல்லாம் ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோய்க் கொடுங்கள்.

அவர் வர மறுத்தால் முதலில் நீங்கள் 14416க்குப் பேசுங்கள். ‘நட்புடன் உங்களோடு’ என்ற பெயரில் தமிழிலேயே பேசுவார்கள், கட்டணமில்லை. ராணுவத்தினருக்கும் அவர்கள் குடும்பத்தினருக்கும் என்றே இந்தச் சேவையின் தனிப் பிரிவு புனே ராணுவ மருத்துவக் கல்லூரியில் 2023 டிசம்பரிலிருந்து இருக்கிறது. பட்டாளத்து ஆளிடம் பேசலாம் என்றால் சிலர் இறங்கி வருவார்கள். சிகிச்சை தொடங்கியபின் பத்து நாளில் பலன் இல்லை என்று நிறுத்திவிட வேண்டாம். மனநல மருத்துவர் இதற்குக் கொடுக்கும் மாத்திரைகள் வேலை செய்ய நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். மருந்தோடு, நடந்ததைப் பேசிக் கடக்கும் உளவியல் சிகிச்சையும் வேண்டும். அதற்குப் பயிற்சி பெற்ற மருத்துவ உளவியலாளரிடம் போங்கள்; இந்திய மறுவாழ்வுக் கழகப் பதிவு எண்ணைக் கேளுங்கள். சில வாரப் பயிற்சிச் சான்றிதழோடு பெயர்ப்பலகை மாட்டியவர் இந்த வேலைக்கு உதவமாட்டார்.

பையனை அடிக்காதீர்கள், நனைந்த படுக்கையை யாருக்கும் காட்டி வெட்கப்படுத்தாதீர்கள். நின்றுபோன பழக்கம் திரும்பி வந்திருப்பதால் முதலில் சிறுநீரில் கிருமியும் ரத்தத்தில் சர்க்கரையும் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டும் இல்லையென்றால் பெரும்பாலும் வீட்டில் இரவுதோறும் கேட்கும் சத்தம்தான் காரணம். அப்பா கத்தும்போது யார் அறைக்கு ஓட வேண்டும் என்று அவனிடம் சொல்லிவையுங்கள். பள்ளியை முழுதாக நிறுத்திவிட்டால் திரும்பப் போவது இன்னும் கடினம். வகுப்பாசிரியரிடம் பேசி அரைநாளாவது அனுப்புங்கள். கணவருக்குச் சிகிச்சை தொடங்கி ஒரு மாதமாகியும் மாறவில்லை என்றால் அவனையும் அதே மருத்துவமனையில் காட்டுங்கள்.

கடைசியாக, விஷயம் வெளியே தெரிந்ததும் ஒருவர் வீட்டுக்கு வருவார்: ‘ஊனமுற்றோர் பென்ஷன் வாங்கித் தருகிறேன், அரியரில் பாதி எனக்கு.’ நோய் ராணுவப் பணியால் வந்தது அல்லது அதனால் முற்றியது என்று மருத்துவக் குழு ஏற்றால் அந்தப் பென்ஷன் உண்டு; மறுத்தால் சென்னையில் ராணுவத் தீர்ப்பாயத்தின் அமர்வு இருக்கிறது. விண்ணப்பத்துக்கு மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கட்டணமில்லாமல் வழிகாட்டுவார்கள். அதற்கு இப்போதைய சிகிச்சைச் சீட்டுகள்தான் ஆதாரம். ஒன்றையும் தூக்கி எறியாதீர்கள். ராணுவத்தில் கொடுத்த டிஸ்சார்ஜ் புக்கின் அசலை யாரிடமும் கொடுக்க வேண்டாம், நகல் போதும். ராணுவப் பென்ஷன் இணையதளமான ஸ்பர்ஷின் கடவுச்சொல்லை ஏற்கெனவே யாரிடமாவது சொல்லியிருந்தால் இன்றே மாற்றிவிடுங்கள்.